கேமராவுல எல்லாம் இருக்கு

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் ரெண்டு நாள் புதுக்கோட்டையில இருந்தேன். சித்தி வீடு அங்கதான். போனது ஒரு குடும்ப விசேஷத்துக்கு, ஆனா ஒரு காலைப் பொழுது கிடைச்சதும் சித்தன்னவாசல் கிளம்பிட்டேன். டவுன்ல இருந்து சுமாரா பதினாறு கிலோமீட்டர். கூட வந்தது என் சித்தி மகள். அவ பேரை நான் இங்க சொல்லப்போறதில்ல. ஏன்னு கொஞ்ச நேரத்துல புரியும்.

சித்தன்னவாசல்னா ஸ்கூல் புத்தகத்துல பார்த்த அந்த ஓவியம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அறிவர் கோயில் கூரையில தாமரைக் குளம், பூப் பறிக்கிறவங்க, மீன், யானை, தூண்ல ஆடுற பெண்கள். ஒன்பதாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். நேர்ல பார்க்கும்போது முதல்ல ஏமாற்றமாத்தான் இருக்கும், நிறைய அழிஞ்சு போயிருக்கு. கண்ணு இருட்டுக்குப் பழகினப்புறம்தான் ஒவ்வொண்ணா மேல வரும். கருவறைக்குள்ள நின்னு ஆழமா மூச்சை இழுத்து 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் குடுத்தா அறையே திரும்ப அதிரும். நெஞ்சுக்குள்ள கேக்கும். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தின சரவுண்ட் சவுண்ட்னு வச்சுக்கோங்க.

ஆனா நான் இன்னிக்குப் பேச வந்த இடம் அது இல்ல. அதே குன்று மேல ஏழடிப்பட்டம்னு ஒரு குகை இருக்கு. சமணத் துறவிகள் தங்கின இடம். மொத்தம் 17 கல் படுக்கை. அதுல பெரிய படுக்கைகிட்ட தமிழி எழுத்துல ஒரு கல்வெட்டு, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. அதுல என்ன இருக்கு? எருமிநாட்டுல குமுழூர்ல பிறந்த காவுடி, அவருக்குச் சிறுபோசில் இளயர்னு ஒருத்தர் இந்த இருக்கையைச் செஞ்சு குடுத்தார். அவ்ளோதான். பேரு, பிறந்த ஊரு, செஞ்சு குடுத்தவர் யாரு.

கிட்டத்தட்ட ஒரு ப்ரொஃபைல் மாதிரியே இருக்குல்ல? எனக்கு அதுல பிடிச்ச விஷயம், யார் பதிவு பண்ணாங்கங்கிறதும் அதுலயே இருக்கு. அதே சமயம், காவுடி எத்தனை மணிக்குத் தூங்கினார், யார்கூடப் பேசினார், எந்த வழியா மலை ஏறினார், எதுவும் கல்லுல இல்ல. நம்மளப் பத்தி இன்னிக்குச் சேகரிக்கிறது பெரும்பாலும் அந்த ரெண்டாவது வகைதான். செஞ்சவர் பேரு மட்டும் எங்கயும் இருக்காது.

சரி, என் தங்கச்சி கதைக்கு வர்றேன். அவ சம்மதிச்சுதான் சொல்றேன்.

ஒன்றரை வருஷம் முன்னாடி, காலேஜ்ல கூடப் படிக்கிற பையனோட டூவீலர்ல இதே சித்தன்னவாசலுக்கு வந்திருக்கா. போற வழியில ஒரு கடையில டீ குடிச்சிருக்காங்க. பத்து நிமிஷம். கடையில கேமரா இருந்துச்சு, இப்ப எந்தக் கடையில இல்ல? கடைக்காரருக்கு எங்க சித்தப்பாவைத் தெரியும். கேமரா ஆப்பை போன்ல திறந்து, அந்தத் துண்டை மட்டும் ஸ்க்ரீன் ரெக்கார்ட் பண்ணி, 'நம்ம பொண்ணு மாதிரி தெரியுது, பார்த்துக்கோங்க'ன்னு அனுப்பியிருக்கார். அவ வீட்டுக்குத் திரும்பறதுக்குள்ள அது சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல வந்துருச்சு. சத்தம் இல்லாத, நாப்பது செகண்ட் வீடியோ. அந்தப் பையன் என்ன சாதின்னு அடுத்த நாளைக்குள்ள கண்டுபிடிச்சுட்டாங்க.

ரெண்டு மாசம் அவ காலேஜ் போகல. போன் வாங்கி வச்சுட்டாங்க. அப்புறம் சித்திதான் சண்டை போட்டு அனுப்புனாங்க. ஏழடிப்பட்டத்துப் படியில உக்காந்து அவ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு: "அக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்னு யாருமே கேக்கல. எல்லாம் கேமராவுல இருக்குன்னு மட்டும் சொன்னாங்க."

அந்தக் கடைக்காரர் கெட்டவர்னு நான் சொல்ல வரல. அவர் நல்லது பண்றதாத்தான் நினைச்சார். அதுதான் பிரச்சனையே. ஸ்மார்ட் சிட்டி, கண்காணிப்பு, தனியுரிமைன்னு இங்கிலீஷ்ல பேசுற பேனல்கள்ல எப்பவும் அரசாங்கம் ஒரு பக்கம், குடிமகன் ஒரு பக்கம்னு படம் வரைவாங்க. நம்ம ஊர்ல நடுவுல ஒரு பெரியப்பா நிப்பார். பதிவு எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில அவர்கிட்ட வந்து சேரும்.

இப்ப கொஞ்சம் பின்னாடி போய், இந்த ஸ்மார்ட் சிட்டிங்கிறது என்னன்னு பார்ப்போம். 2015 ஜூன்ல மத்திய அரசு ஆரம்பிச்ச திட்டம், நாடு முழுக்க 100 நகரம், தமிழ்நாட்டுல 11. புதுக்கோட்டைக்குப் பக்கத்துல திருச்சியும் தஞ்சாவூரும் அந்தப் பட்டியல்ல உண்டு. 2025 மார்ச்சோட திட்டம் முடிஞ்சுது. சாலை, பார்க், கழிவுநீர்னு நிறைய வேலைகள் நடந்துச்சு, சிலது நல்லாவே இருக்கு. ஆனா 100 நகரத்துலயும் பொதுவா வந்த ஒண்ணு, ஒருங்கிணைந்த கட்டளைக் கட்டுப்பாட்டு மையம். ஒரு பெரிய அறை, சுவர் முழுக்க திரை. தெருக் கேமரா, சிக்னல், குப்பை வண்டி ஜிபிஎஸ், எச்சரிக்கை ஒலிபெருக்கி, எலக்ட்ரானிக் அறிவிப்புப் பலகை, சில ஊர்ல இலவச வைஃபை, எல்லாத்தோட கம்பியும் வந்து சேருற இடம்.

தனித்தனியா பார்த்தா எதுவுமே பயமா இருக்காது. சிக்னல்ல நம்பர் பிளேட் படிக்கிற கேமரா உங்க வண்டியை மட்டும்தான் பார்க்குது. வைஃபை உங்க போன் நம்பரை மட்டும்தான் கேக்குது. ஆனா ரெண்டும் ஒரே அறைக்கு வருது. ரெண்டையும் சேர்த்தா யாரு, எங்க, எப்ப, யார்கூடங்கிற நாலு கேள்விக்கும் பதில் கிடைச்சிடும். சேர்க்கக் கூடாதுன்னு யாராவது எழுதி வச்சிருக்காங்களாங்கிறதுதான் கேள்வி.

அமெரிக்காவுல சான் டியாகோன்னு ஒரு நகரம். 2016ல மின்சாரம் மிச்சம்னு சொல்லி ஸ்மார்ட் தெருவிளக்கு போட ஒப்புதல் வாங்கினாங்க. மூவாயிரத்துக்கும் மேல. அந்தக் கம்பத்துக்குள்ள கேமராவும் இருந்துச்சு. போலீஸ் அந்த வீடியோவை வழக்குகளுக்கு எடுக்குறாங்கன்னு ஊர்க்காரங்களுக்குத் தெரிய சில வருஷம் ஆச்சு. தெரிஞ்சதும் சண்டை போட்டாங்க, 2020ல கேமராவை நிறுத்த வச்சாங்க. விளக்குன்னு வாங்கினது கண்ணா மாறின கதை. நம்ம ஊர் ஸ்மார்ட் கம்பங்கள்ல என்னென்ன இருக்குன்னு நம்மள்ல எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருக்கோம்?

சென்னையில இதைவிட நேரடியாவே சொன்னாங்க. 'மூன்றாவது கண்'னு காவல்துறை பிரச்சாரமே நடத்துச்சு, கடைக்காரங்க, அபார்ட்மெண்ட்காரங்க எல்லாரும் தெருவைப் பார்த்துக் கேமரா வைங்கன்னு. அதுல பிரயோஜனம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். செயின் பறிப்பு, வண்டித் திருட்டு, விபத்து பண்ணிட்டு நிறுத்தாம போறதுன்னு நிறைய வழக்குல அந்த வீடியோதான் துப்பு. ராத்திரி பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்ட்ல தனியா நிக்கும்போது மேல ஒரு கேமரா இருந்தா எனக்கும் கொஞ்சம் தைரியமாத்தான் இருக்கு. பொய் சொல்ல விரும்பல.

ஆனா அந்தக் கேமரா யாருக்காக வேலை செய்யுது? 2020 ஜூன், சாத்தான்குளம். ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் ஸ்டேஷன்ல அடிபட்டு இறந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர் அந்த ஸ்டேஷன் சிசிடிவியைப் பார்த்தப்போ, ஹார்ட் டிஸ்க்ல 1 டெராபைட் இடம் இருந்துச்சு. ஆனா தினமும் தானா அழியிற மாதிரி செட்டிங் வச்சிருந்தாங்க. அந்த ராத்திரியோட வீடியோ இல்ல. இதை நினைச்சுப் பாருங்க. என் தங்கச்சி டீ குடிச்ச நாப்பது செகண்ட் இன்னும் யாரோ ஒரு மாமா போன்ல பத்திரமா இருக்கு. ரெண்டு உயிர் போன ராத்திரி அழிஞ்சிருச்சு. கேமரா இருக்கா இல்லையாங்கிறதுல விஷயம் பாதிதான் இருக்கு, அழிக்கிற பட்டன் யார் கையிலங்கிறதுல மீதி இருக்கு.

அதே வருஷம் டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், எல்லா போலீஸ் ஸ்டேஷன்லயும் ஒலியோட பதிவாகுற கேமரா வேணும், முடிஞ்சா 18 மாசம், குறைஞ்சது ஒரு வருஷம் பதிவை வச்சிருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. அதைக் கடைப்பிடிக்கிறாங்களான்னு இன்னும் கோர்ட்டுகள் கேட்டுக்கிட்டேதான் இருக்கு.

அடுத்து முகம். தமிழ்நாடு காவல்துறை 2021ல முக அடையாள மென்பொருளைக் கொண்டுவந்தாங்க, கொல்கத்தா சி-டாக் உருவாக்கினது. ரோந்துல இருக்கிற போலீஸ்காரர் தன் போன்ல ஒருத்தரைப் படம் எடுத்தா, பழைய வழக்குகள்ல இருக்கிறவங்க, காணாமப் போனவங்க படங்களோட அது ஒப்பிட்டுப் பார்க்கும். எப்படி ஒப்பிடுதுன்னா, உங்க முகத்தை அது படமா ஞாபகம் வச்சிக்கிறது இல்ல. முகத்தைச் சில நூறு எண்களா மாத்திக்குது. ரெண்டு எண் வரிசை எவ்ளோ நெருக்கம்னு மதிப்பெண் போடுது. அதனால பதில் எப்பவும் 'இவர்தான்'னு வராது, 'இவரா இருக்க வாய்ப்பு'ன்னுதான் வரும். எந்த மதிப்பெண்ணுக்கு மேல ஆமாம்னு எடுத்துக்கறதுன்னு முடிவு பண்றது மனுஷங்க. டெல்லி போலீஸ்கிட்ட ஆர்டிஐ போட்டுக் கேட்டப்போ, 80 சதவீதத்துக்கு மேல பொருந்தினா சரியான பொருத்தமா எடுத்துக்கறோம்னு 2022ல பதில் குடுத்தாங்க. ஏன் 80ங்கிறதுக்கு விளக்கம் இல்ல.

ஒரு கணக்குக்காக வச்சுக்குவோம், ஆயிரம் பேர்ல ஒருத்தரைத்தான் அது தப்பா காட்டுதுன்னு. ரொம்ப நல்ல மிஷின். ஒரு திருவிழாவுக்கு இருபதாயிரம் பேர் வந்தா, இருபது பேர் தோள்மேல யாரோ கை வைப்பாங்க. அந்த இருபது பேரும் 'நான் அவன் இல்லைங்க'ன்னு நிரூபிக்கணும். நல்லா டிரஸ் பண்ணிக்கிட்டு இங்கிலீஷ் பேசுறவர் அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துடுவார். மத்தவங்க?

இன்னொரு பக்கம் பாதுகாப்பு. 2024 மே மாசத் தொடக்கத்துல அந்த முக அடையாள இணையதளத்துக்குள்ளயே யாரோ புகுந்துட்டாங்க. தரவு ஹேக்கர் தளத்துல வந்திருக்குன்னு செய்தி வந்தப்போ, ஒரு அட்மின் கணக்கோட பாஸ்வேர்ட் வெளிய போயிருக்கு, அந்தக் கணக்குக்கு இருந்த அதிகாரம் குறைவுதான்னு காவல்துறை விளக்கம் குடுத்துச்சு. இருக்கலாம். ஆனா ஒரு மாநிலத்தோட முகங்களை வச்சிருக்கிற பெட்டிக்கு முன்னாடி ஒத்தப் பாஸ்வேர்ட்தான் நின்னுச்சுன்னு அதுல தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 2021ல, நம்ம ரேஷன் கார்டு தரவு சுமார் அம்பது லட்சம் பேரோடது வெளிய வந்ததா செய்தி வந்ததும் ஞாபகம் இருக்கலாம். ஏடிஎம் பின் நம்பர் போனா மாத்திக்கலாம். முகத்தை என்ன பண்றது, பிளாஸ்டிக் சர்ஜரியா?

தெருக் கேமராக்கள் பெரும்பாலும் இதைவிட மோசம். வாங்கி மாட்டும்போது இருந்த பாஸ்வேர்டையே விட்டுடறாங்க. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் இப்படிப்பட்ட கேமராவையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்குல பிடிச்சு, அதை வச்சே அமெரிக்காவுல பல பெரிய வெப்சைட்டை ஒரு நாள் முடக்கிச்சு. நமக்கு நெருக்கமா வேணும்னா, 2025 பிப்ரவரி, குஜராத் ராஜ்கோட். ஒரு மகப்பேறு மருத்துவமனையில பெண்களைப் பரிசோதிக்கிற அறை வீடியோ யூடியூப்லயும் டெலிகிராம்லயும் விலைக்கு வந்துச்சு. அந்தக் கேமராவோட பாஸ்வேர்ட் என்னன்னு அப்புறம் செய்தி வந்துச்சு: அட்மின்123. டெல்லி மெட்ரோ கேமராவுல பதிவான ஜோடிகளோட வீடியோ 2013லயே ஆபாசத் தளங்களுக்குப் போச்சு. அது பத்து வருஷத்துக்கு முந்தின கதை, இன்னும் பாடம் படிச்ச மாதிரி தெரியல.

சித்தன்னவாசல்ல இருந்து இறங்கும்போது தங்கச்சி ஒரு பேரைச் சொன்னா. வேங்கைவயல். அதுவும் இதே அன்னவாசல் ஒன்றியம்தான். 2022 டிசம்பர்ல பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற தண்ணித் தொட்டியில மலம் கலந்தாங்க. விசாரணையில பாதிக்கப்பட்ட மக்கள்கிட்டயே டிஎன்ஏ சோதனைக்கு ரத்தம் கேட்டாங்க. சிலர் தர மாட்டோம்னு மறுத்தாங்க. 2025 ஜனவரியில சிபிசிஐடி அதே சமூகத்தைச் சேர்ந்த மூணு பேர் மேல குற்றப்பத்திரிகை போட்டுச்சு. யார் செஞ்சாங்கங்கிறதை நான் இங்க பேசல. ஆனா குற்றப்பத்திரிகைச் செய்தி வந்த கையோட, போன் உரையாடலும் வீடியோவும் சோஷியல் மீடியாவுல சுத்த ஆரம்பிச்சுது. ஒருத்தர் வீட்டு ஆளுங்ககிட்டப் பேசின பேச்சு, கோர்ட் கேக்கறதுக்கு முன்னாடி உங்க போன்லயும் என் போன்லயும் வந்து ப்ளே ஆச்சு. நானும் கேட்டேன். இப்ப அதை நினைச்சா கூச்சமா இருக்கு. யார் உடம்பு, யார் போன் முதல்ல சந்தேகத்துக்கு வருதுங்கிறதுக்கும் நம்ம ஊர் வரிசைக்கும் சம்பந்தம் இல்லைன்னு யாராவது சொன்னா, அவங்க இந்த மாவட்டத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போகலாம்.

'சட்டம் இருக்கே'ன்னு கேப்பீங்க. இருக்கு. 2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி வழக்கு, ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அடிப்படை உரிமைன்னு ஒரே குரல்ல சொன்னாங்க. அரசு அதுக்குள்ள நுழையணும்னா சட்டம் வேணும், நியாயமான நோக்கம் வேணும், தேவைக்கு மீறாம இருக்கணும். ஆறு வருஷம் கழிச்சு 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு. நம்ம டீக்கடை மாதிரி வியாபாரங்களைக் கட்டுப்படுத்துற முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம். அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம், ஆனா அது அரசாங்கக் கஜானாவுக்கு. பாதிக்கப்பட்டவருக்கு அதுல பைசா வராது. அரசு அமைப்புகள்ல யாரை வேணும்னாலும் மத்திய அரசு ஒரு அறிவிக்கை போட்டு இந்தச் சட்டத்துல இருந்து விலக்க முடியும். போதாததுக்கு ஆர்டிஐ சட்டத்துல இருந்த ஒரு ஜன்னலையும் இதே சட்டம் சாத்திடுச்சு. தனிநபர் தகவல்னு வந்தா, பொதுநலனைக் காட்டி வாங்குறது முன்னைவிடக் கஷ்டம்.

ஆனா கேமரா பத்தின விவரம் தனிநபர் தகவல் இல்ல. இந்த வார்டுல எத்தனை கேமரா, யார் பராமரிக்கிறாங்க, எத்தனை நாள் பதிவு வச்சிருக்கீங்க, யாருக்கெல்லாம் பார்க்க அனுமதி, முக அடையாளம் இருக்கா, ஒப்பந்த நகல் குடுங்க. இதையெல்லாம் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேக்கலாம். புதுக்கோட்டை 2024ல மாநகராட்சி ஆயிடுச்சு. இனிமே டெண்டர் வரும், கம்பம் வரும், திரை வரும். வந்தப்புறம் கேக்கறதைவிட வர்றதுக்கு முன்னாடி கேக்கறது சுலபம்.

அன்னிக்குச் சாயந்திரம் சித்தி வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து ரெண்டு பேரும் மனு எழுதினோம். நான் சொல்லச் சொல்ல அவ எழுதினா. எட்டுக் கேள்வி. எழுதிட்டு இருக்கும்போது சித்தப்பா வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, கேஸா?"ன்னார். "இல்லப்பா, சும்மா தெரிஞ்சுக்க"ன்னா. அவர் கொஞ்ச நேரம் நின்னு படிச்சார். ஆறாவது கேள்வி, கேமரா பதிவை யாராவது தனி ஆளுக்கு அனுப்பினா என்ன நடவடிக்கைங்கிறது. அதைப் படிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டார். கோபமா, வேற எதுவுமான்னு எங்க ரெண்டு பேருக்கும் புரியல.

மனுவுல அவ தன் பேரையும் முகவரியையும் எழுதணும்ல, அங்க ஒரு நிமிஷம் பேனா நின்னுச்சு. "அக்கா, இதுலயும் என் பேரா?"ன்னு கேட்டா. என் பேருல போடலாமான்னு கேட்டேன். யோசிச்சுட்டு, அவ பேரையே எழுதினா. மறுநாள் தலைமைத் தபால் நிலையத்துல இருந்து தபால்ல அனுப்பிட்டு, ரசீதை போன் கவருக்குள்ள வச்சுக்கிட்டா. முப்பது நாளுக்குள்ள பதில் வரணும்.

உங்க தெருவுல இருக்கிற கேமரா யாரோடதுன்னு கேட்டுப் பார்த்தவங்க இருந்தா எங்களுக்கு எழுதுங்க. உங்க பேர் வேண்டாம்னா போட மாட்டோம். அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.